ஆமைக்குப் பல் கிடையாது

மாடு வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவான். அவளும் பல்லைப் பார்த்துத்தான் மாப்பிள்ளையை முடிவு செய்தாள். பார்த்து என்ன பயன், மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது.

அவளுக்குப் பல் கட்டும் பட்டறையில் வேலை. பல் டாக்டர்கள் ஆட்களின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். பட்டறையில் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மேல் தாடை, கீழ்த் தாடை என்று வெள்ளைவெளேரென்று எடுத்து வைத்துக்கொண்டு, உடைந்த பல்லுக்கும் விழுந்த பல்லுக்கும் மாற்று செய்து அனுப்புவார்கள். பல்லை முதலில் மெழுகில் வடிப்பது அவள் வேலை. அதனால் பட்டறையில் அவளுக்கு மெழுகு என்றே பெயர். மெழுகில் இருப்பதை அப்படியே பீங்கானில் வார்த்துச் சூளையில் வைப்பது முதலாளி. கடைசியில் பளபளப்பு ஏற்றுகிறவள் பாலிஷ் அக்கா. பெண்கள் இருவரும் ஒரே ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து வேலை செய்வார்கள். முதுகுக்குப் பின்னால் அலமாரி முழுக்க வாய்கள் திறந்தபடி இருக்கும்.

அச்சு வருகிற பெட்டியில் ஆளின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எண்ணைச் சொல்லிச் சொல்லி வேலை செய்தால் நாக்கு செத்துவிடும் என்று அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பெட்டியை யார் பிரிக்கிறார்களோ அவர்கள் அந்த வாய்க்கு ஒரு மிருகத்தின் பெயர் வைக்க வேண்டும். முன்பல் நீண்டிருந்தால் முயல். கடைவாய் தேய்ந்து தட்டையாகியிருந்தால் கிழட்டுக் குதிரை. கீழ்த் தாடை முன்தள்ளியிருந்தால் ஒட்டகம். "முயலுக்கு கேப் ஆயிடுச்சா?" "ஒட்டகம் இன்னைக்குப் போயாகணும், டாக்டர் கத்துறாரு." வெளியாள் கேட்டால் மிருகக்காட்சிச் சாலை என்றுதான் நினைப்பான்.

அவனும் அப்படி நினைத்துத்தான் சிரித்தான். பிளாஸ்டர் மூட்டை ஏற்றிவரும் வேனை ஓட்டிக்கொண்டு வந்தவன், ஒட்டகம் என்ற பேச்சைக் கேட்டு வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தான். மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் நல்ல சந்து. கோரைப்பல் ஒன்று, பஸ்ஸில் பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்து தூங்குகிறவனைப்போலப் பக்கத்துப் பல்லின்மேல் ஏறிக் கிடந்தது. வருஷக்கணக்காகச் செத்த வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு உயிரோடு ஒரு வாய் அப்படிச் சிரித்தது தாங்கவில்லை.

"எனக்கு என்ன பேரு வைப்பீங்க?" என்றான்.

"பெட்டியில வந்தாத்தான் பேரு. நடந்து வந்தவங்களுக்கு இல்லை," என்றாள்.

அந்த ஒரு பேச்சில் கல்யாணமே முடிந்துவிட்டது என்று பாலிஷ் அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

அவன் போனதும் ஒரே பேச்சில்தான். அவள் குழாயடியில் வாளி பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் பின்னால் வந்து நின்று, "எனக்கு இங்க இருக்க முடியலை. தப்பு உம்மேல இல்லை," என்றான். தப்பு உன்மேல் இல்லை என்பதைவிடக் கேவலமான வசவு உலகத்தில் கிடையாது. திட்டினால் திருப்பித் திட்டலாம். இதற்கு என்ன சொல்வது? வாளி வழிந்தது. அவள் குழாயை மூடினாள். அப்போதுதான் வாசல் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. சட்டைகளையும் ஷேவிங் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான். வேறொருத்தி இருப்பதும், அவள் ஊரின் மறுகோடியில் இருப்பதும் பிற்பாடு காதுக்கு வந்தன. ஆமையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தான்.

அந்த ஆமை ஒரு மழைநாளில் அவன் ரோட்டிலிருந்து தூக்கிவந்தது. செய்தி கேட்டு வந்த சித்தி, துக்கம் விசாரிப்பதற்கு முன்னால் ஆமையைத்தான் விசாரித்தாள்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு அன்னைக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?"

"அது எங்க சித்தி புகுந்துச்சு? அவருதான தூக்கிட்டு வந்தாரு."

"தூக்கிட்டு வந்தவன் போயிட்டான். புகுந்தது குத்துக்கல்லாட்டம் இருக்கு பாரு."

ஆமை எதற்கும் பதில் சொல்லவில்லை. வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்கு அருகிலேயே கிடந்தது. அவனுடைய செருப்பு இருந்த இடம் அது. தன்னைப்போல அதுவும் காத்துக்கிடக்கிறது என்று நினைத்து அவள் அதன் எதிரில் உட்கார்ந்து, "நீயும் நானும் ஒரே கேஸு," என்று சொல்லி அழுதாள். கீரைத் தண்டை நீட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு கூட்டும்போது ஸ்டாண்டை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினாள். ஆமை நகரவில்லை. அந்த மூலையில் காலை வெயில் விழுந்து தரை சூடாக இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். கூட அழுகிறது என்று நம்பியிருந்த ஜீவன் இத்தனை நாளும் வெயில் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

பட்டறையில் அழுவது அதைவிடச் சிரமம். காற்றில் எப்போதும் பிளாஸ்டர் தூசி. ஈரம் பட்டால் இறுகுவது அதன் குணம். குனிந்து வேலை பார்த்தபடி சத்தமில்லாமல் அழுதுவிட்டு நிமிர்ந்தால் கன்னத்தில் வெள்ளையாக இரண்டு கோடு காய்ந்து நிற்கும்.

"மூஞ்சிய அச்செடுக்கிறதா இருந்தா சொல்லு, நானே கலக்கி ஊத்துறேன்," என்பாள் பாலிஷ் அக்கா. சொல்லிவிட்டு ஈரத்துணியை நீட்டுவாள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெட்டி வந்தது.

காலையில் அவள்தான் பிரித்தாள். பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் அச்சை உரித்தாள். உரித்த கை அப்படியே நின்றது. முன்பற்களுக்கு நடுவில் சந்து. இடப்பக்கக் கோரைப்பல் பக்கத்துப் பல்லின்மேல் சாய்ந்து கிடந்தது.

"என்ன பேரு வைக்கப்போற?" என்றாள் அக்கா மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

அக்கா எழுந்து வந்து பார்த்தாள். தாடையையும் பார்த்தாள், அவள் முகத்தையும் பார்த்தாள்.

"அவனா?"

"அவருதான்."

"உலகத்துல சந்துப்பல்லு அவன் ஒருத்தனுக்குத்தானா?"

"பொட்டி எந்த டாக்டர்கிட்ட இருந்து வந்திருக்கு பாருங்க. அந்தக் கோடி டாக்டரு. அவரு இப்ப இருக்கிற தெருவுக்குப் பக்கம். நாலு வருஷம் எதிர்ல உக்காந்து சாப்பிட்டேன்க்கா. எனக்குத் தெரியாதா?"

டாக்டர் கேட்டிருந்தது முன்பல் இரண்டுக்கும் கேப், அதாவது பல்லின்மேல் மாட்டும் உறை. இரண்டையும் கொஞ்சம் அகலமாகச் செய்து நடுச்சந்தை அடைத்துவிட வேண்டும். அதாவது அந்தச் சிரிப்பை மூட வேண்டும். புதிதாக வந்தவளுக்குச் சந்து பிடிக்கவில்லைபோலும். அதை மூடும் வேலை இவள் மேஜைக்கே வந்திருந்தது.

அக்கா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, பெட்டியில வந்துட்டான்ல? பேரு வச்சுத்தான ஆகணும். கழுதைன்னு வை," என்றாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் போனபிறகு வந்த முதல் சிரிப்பு. சிரித்து முடிக்கும்போது அது வேறொன்றாக மாறியிருந்தது. அக்கா ஈரத்துணியைத் தேடினாள்.

"நான் ஒண்ணு சொல்றேன் கேளு. உள்பக்கம் ஒரு மயிரிழை ஏத்தி வச்சுடு. ஒவ்வொரு வாய் சோத்துக்கும் உன் நெனப்பு வரட்டும்," என்றாள் அக்கா, அவளைச் சிரிக்கவைக்க.

மறுநாள் விடியற்காலையில் அவளுக்கு ஒரு கனவு. அவன் வாய் ஒரு வீடாக இருக்கிறது. முன்பல் சந்துதான் வாசல். காய்கறிப் பையோடு பக்கவாட்டில் திரும்பி உள்ளே நுழைகிறாள். நாக்கின்மேல் செருப்போடு நடக்காதீர்கள் என்று ஒரு பலகை தொங்குகிறது. கடைவாய்ப் பக்கம் மேஜை போட்டு ஆமை உட்கார்ந்திருக்கிறது.

"யாரைப் பாக்கணும்?" என்கிறது.

"இது என் வீடு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. வரிசையில நில்லுங்க."

திரும்பிப் பார்த்தால் ஒட்டகமும் முயலும் கிழட்டுக் குதிரையும் கன்னத்தில் கைவைத்தபடி நிற்கின்றன. அவளுக்குப் பின்னால் நின்ற குதிரை, "இடிக்காதீங்க, எல்லாருக்கும் வலிதான்," என்கிறது.

எழுந்து முகம் கழுவி வேலைக்குப் போய் மெழுகை உருக்கினாள்.

அக்கா விளையாட்டாகச் சொன்னதை அவள் விளையாட்டாகச் செய்யவில்லை. மேல் முன்பல்லின் உள்பக்கம், கீழ்ப்பல் வந்து தொடுகிற இடத்தில், மெழுகை ஒரு பொட்டு கூடுதலாக வைத்து இழைத்தாள். கண்ணுக்குத் தெரியாது. தாடைகள் இரண்டையும் கருவியில் பூட்டி, நடுவில் நீலத் தாளை வைத்து மூடித் திறந்தால்தான், உயர்ந்து நிற்கும் இடத்தில் நீலமாக ஒரு புள்ளி விழும். வாயில் ஏறியபின் முதல் நாள் ஒன்றும் தோன்றாது. மெல்ல மெல்ல அந்தப் பல்லே எல்லா அடியையும் வாங்கும். தாடை வலிக்கும், காது வலிக்கும், தலை வலிக்கும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. தெரியாத இடத்திலிருந்து வருகிற வலி எப்படியிருக்கும் என்று அவனும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும்.

பாலிஷ் அக்கா எதேச்சையாகக் கருவியை மூடித் திறந்தாள். புள்ளியைப் பார்த்தாள்.

"ஏய், நான் சும்மா சொன்னேன்டி."

"நான் சும்மா செய்யலைக்கா."

"வலிக்கும்."

"வலிக்கட்டும்."

"வலிச்சா உன்னையா தேடி வரப்போறான்? டாக்டரைத் தேடிப் போவான். நாய் கடிச்சா நாம திருப்பிக் கடிக்கிறதா?"

"நான் எங்கக்கா கடிக்கிறேன்? அவரு கடிக்கிறதுக்குத்தான் செஞ்சு குடுக்கறேன்."

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் மெழுகுக் கத்தியை எடுத்து அவள் பக்கம் தள்ளிவைத்துவிட்டுத்தான் போனாள். கத்தி தொடப்படாமல் கிடந்தது.

மறுநாள் இன்னொரு கனவு. ஆமை பட்டறைக்கு வந்து, தனக்கு முழு செட் வேண்டும் என்கிறது. அவள் அச்செடுத்து, மெழுகு வடித்து, ஒரு வரிசைகூடப் பிசகாமல் மாட்டிவிடுகிறாள். ஆமை கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிறது. அவனுடைய சிரிப்பு. பிறகு கேட்கிறது, "இதை வச்சு என்ன பண்றது?"

"கடிக்கலாம்."

"யாரை?"

பதில் சொல்ல வாயைத் திறந்தபோது விழித்துக்கொண்டாள். டீ குடிக்கும் நேரத்தில் கனவை அக்காவிடம் சொன்னாள்.

"ஆமைக்குப் பல்லு கிடையாதுடி."

"தெரியும்க்கா."

"அதான் அவ்வளவு காலம் வாழுது. பல்லு இருந்திருந்தா எவனையாவது கடிக்கணும்னு நெனச்சு நெனச்சே நாப்பதுல போய்ச் சேந்திருக்கும்." அக்கா டீயை ஊதிக் குடித்தாள். "நான் உன்னைச் சொல்லலை. ஆமையைச் சொன்னேன்."

அன்று மத்தியானம் முதலாளி உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "மெழுகு, அந்தச் சந்துக் கேஸு, எந்தக் கலருன்னு சரியாக் குறிக்க வரலைன்னு டாக்டர் சொல்றாரு. ஆளையே அனுப்பறாராம். வியாழக்கிழமை வருவாரு. ஜன்னல் வெளிச்சத்துல நீயே பாத்துடு. பாத்தப்புறம் சூளையில வச்சுடலாம்."

அவள் தலையாட்டினாள். கை, மெழுகு விளக்கை அணைத்துவிட்டு மறுபடி ஏற்றியது.

வியாழக்கிழமை வரைக்கும் அவள் வீட்டில் ஒத்திகைதான். சொல்ல வேண்டியதை ஆமையிடம் சொல்லிப் பார்த்தாள். "நல்லா இருக்கீங்களா?" ஆமை பார்த்தது. "மானம் கெட்டவனே." ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. "வீட்டுக்கு வந்துடுங்க," என்று கடைசியாகச் சொல்லிப் பார்த்தாள். அது தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகம். ஆமை தலையை வெளியே நீட்டவேயில்லை. நல்ல யோசனைதான். ஆனால் அவளுக்கு ஓடு இல்லை.

வியாழனன்று தலைக்குக் குளித்தாள். அவன் ஒருமுறை நன்றாக இருக்கிறது என்று சொன்ன நீல உடையை எடுத்து, வைத்துவிட்டு, மறுபடி எடுத்து உடுத்திக்கொண்டாள். அக்கா மேலும் கீழும் பார்த்தாள். தன் ஸ்டூலை ஒரு சாண் கிட்டே நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

வாசலில் நிழல் விழுந்தது. அவள் எழுந்து நின்றாள்.

உள்ளே வந்தவன் தொப்பையும் துண்டுமாக ஐம்பது வயது ஆள். அவள் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பின்னால் ஒருவரும் வரவில்லை. தெரு இருந்தது.

"டாக்டர் அனுப்பினாரும்மா. பல்லு கலரு பாக்கணும்னு," என்று சொல்லிச் சிரித்தான் அந்த ஆள். முன்பற்களுக்கு நடுவில் சந்து. இடப்பக்கக் கோரைப்பல் பக்கத்துப் பல்லின்மேல் சாய்ந்து கிடந்தது.

கழுதை.

அவள் எப்படி உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. அக்காவின் கைதான் தோளைப் பிடித்து அழுத்தியிருக்க வேண்டும். "இப்படி வெளிச்சத்துக்கு வந்து உக்காருங்க," என்று பேசியதும் அக்காதான்.

அந்த ஆளுக்குப் பேச்சு நிற்காது. பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிக்கிற வேலை. 'ச' வருகிற ஒவ்வொரு சொல்லிலும் சந்து வழியாக மெல்லிய விசில் ஒன்று கிளம்பியது.

"இந்த விசில்தாம்மா என் பிரச்சினை. சற்று நேரத்தில்னு நான் ஆரம்பிச்சாப் போதும். பஸ்ஸு வருதோ இல்லையோ, நாய் வந்துடும்."

"நாயா?" என்றாள் அக்கா.

"அந்த ஏரியா நாயி எல்லாம். யாரோ கூப்பிடறாங்கன்னு நெனச்சுக்குது. ஓடி வந்து ஸ்பீக்கருக்குக் கீழ நிக்குது. போன வாரம் ஒண்ணு பஸ்ஸுலயே ஏறிடுச்சு. கண்டக்டரு எங்கிட்ட வந்து, உன் ஆளு, நீயே எறக்கி விடுன்னு சண்டை."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளும் சிரித்தாள். சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

"சிரிப்பாத்தான் இருக்கும்," என்றான் அவன். "ஆனா பாக்கச் சகிக்காது. ஆசையா ஓடி வருது. மேல பாக்குது. பின்னாடி பாக்குது. ஒருத்தரும் இல்லை. தலையத் தொங்கப்போட்டுக்கிட்டுப் போயிடுது. சரி, புத்தி வந்திருக்கும்னு பாத்தா அடுத்த பஸ்ஸுக்கு மறுபடி வருது. எத்தனை தடவைதான் அதுங்கள ஏமாத்துறது? அதான் அடைச்சுடலாம்னு வந்தேன்."

அவள் பல் நிற வரிசையைக் கையில் எடுத்தாள். விசிறிபோல விரிகிற அதில் ஒவ்வொரு பல்லாக அவன் உதட்டருகே வைத்துப் பார்த்தாள். "கொஞ்சம் சிரிங்க," என்றாள். அவன் சிரித்தான். "இன்னும் கொஞ்சம்." நிறம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் சபித்தாள்? இது வாயில் ஏறியிருந்தால், நாய்களுக்காகச் சந்தை அடைக்க வந்த இந்த ஆளல்லவா காதுவலியோடு அலைந்திருப்பான்? அவள் கண் நிறைந்து வழிந்தது. கன்னத்தில் வெள்ளைக் கோடு விழத் தொடங்கியது.

"வலிக்குமாம்மா?" என்றான் அந்த ஆள் பயந்துபோய்.

"வலிக்காது. தூசி," என்றாள்.

அந்த ஆள் போனதும் அவள் நிறத்தின் எண்ணைச் சீட்டில் எழுதிவைத்தாள். அக்கா ஸ்டூலை அவள் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, திட்டுவதுபோல் இல்லாமல் கேட்டாள்.

"உன் வீட்டுக்காரருக்கு அந்தக் கோரைப்பல்லு எந்தப் பக்கம்?"

அவள் பதில் சொல்லக் கையைத் தூக்கினாள். கை இடக் கன்னத்துக்குப் போனது. நின்றது. அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதை மனதில் கொண்டுவந்தாள். எதிரில் இருப்பவனுக்கு இடம் என்றால் தனக்கு வலம். அவனைத் திருப்பி உட்காரவைத்தாள். பல் பக்கம் மாறியது. சிரிக்கச் சொன்னாள். அவன் சிரித்தான், இப்போது பார்த்த பஸ் நிலையத்து ஆளின் பல்தான் அங்கே இருந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி சிரிக்கச் சொன்னாள். வாய் திறந்தது. உள்ளே எதுவும் தெளிவாக இல்லை.

கை இன்னும் அந்தரத்தில் இருந்தது.

"தெரியலைக்கா," என்றாள்.

வழக்கம்போல ஏதாவது ஒரு மிருகத்தை இழுத்துவந்து வேடிக்கையாகச் சொல்லத்தான் அக்கா வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று மூடிக்கொண்டாள்.

புருஷன் விட்டுப் போனபோதுகூட இப்படி இல்லை. அன்றைக்கு அவன் மட்டும்தான் போனான். அவள் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு, பிளாஸ்டர் தூசி, கன்னம் எதையும் பாராமல், வாய்விட்டு அழுதாள். முதலாளி எட்டிப் பார்த்தார். அக்கா கையால் போகச் சொன்னாள். போய்விட்டார்.

அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெழுகுக் கத்தியை எடுத்தாள். கருவியில் தாடைகளைப் பூட்டினாள். நீலத் தாளை வைத்து மூடித் திறந்தாள். உள்பக்கத்தில் புள்ளி. சீவினாள். மூடித் திறந்தாள். சின்னப் புள்ளி. சீவினாள். ஊதினாள். மறுபடி மூடித் திறந்தாள். நீலம் எங்கேயும் ஒட்டவில்லை.

"சூளையில வைக்கலாமா?" என்று முதலாளி உள்ளேயிருந்து கேட்டார்.

"வைங்க," என்றாள்.